மலைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு: அண்டங்காக்கையோடு பழகும் முறை

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் வீடு பார்த்து வருகிறவர்களிடம் எல்லோரும் கரடியைப் பற்றிச் சொல்வார்கள், காட்டெருமையைப் பற்றிச் சொல்வார்கள், குரங்கைப் பற்றி மணிக்கணக்கில் சொல்வார்கள். காக்கையைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் சாமான் இறக்கிய மறுநாள் காலையில் உங்களைப் பார்க்க வருவது காக்கைதான். விடிந்ததிலிருந்து இருட்டும்வரை உங்கள் வீட்டின்மேல் அதற்கு ஒரு கண் இருக்கும்.

பால் எத்தனை மணிக்கு வருகிறது, குப்பை எப்போது வெளியே போகிறது, சமையலறை ஜன்னலை எப்போது திறக்கிறீர்கள், வீட்டில் யார் விரட்டுவார், யார் பேசாமல் இருப்பார் என்பதெல்லாம் சில நாட்களில் அதற்கு அத்துப்படி ஆகிவிடும். ஆகவே முதல் சில வாரங்களில் நீங்கள் என்ன பழக்குகிறீர்களோ அதையே காக்கை கற்றுக்கொள்ளும். பிறகு மாற்ற நினைத்தால் மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். கீழே எழுதியிருப்பதை அந்த முதல் வாரங்களிலேயே செய்துவிடுங்கள்.

முதல் வேலை: எந்தக் காக்கை என்று பாருங்கள்

சமவெளியில் நீங்கள் பார்த்துப் பழகியது கழுத்தில் சாம்பல் நிறம் உள்ள ஊர்க்காக்கை. மலையில் கடைவீதி, பேருந்து நிலையம் மாதிரி நெரிசலான சில இடங்களில் அதுவும் இருக்கும். ஆனால் தேயிலைத் தோட்டம், கற்பூர மரம், சீகை மரம், சில்வர் ஓக் என்று மரம் சூழ்ந்த வீடுகளுக்கு வருவது அண்டங்காக்கை. உடம்பு முழுக்கக் கறுப்பு, வெயில் பட்டால் மினுமினுக்கும். ஊர்க்காக்கையைவிடப் பெரியது. அலகு தடித்து, மேல்பக்கம் நன்றாக வளைந்திருக்கும். குரலும் வேறு: தொண்டைக்குள்ளிருந்து வரும் கரகரப்பு. சில நேரம் மரக்கட்டையைத் தட்டுவதுபோல ஒரு சத்தமும் போடும்.

சாயங்காலம் கூட்டமாகப் பறந்துபோய் ஒரே இடத்தில் அடைந்தாலும், பகலில் உங்கள் வீட்டைச் சுற்றி வருவது பெரும்பாலும் ஒரே ஜோடிதான். ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் அடையாளம் பிடிபடும். ஒன்றுக்கு இறக்கையில் ஓர் இறகு உடைந்திருக்கும், ஒன்று ஒரு காலை லேசாக இழுத்து நடக்கும். அடையாளம் தெரிந்துவிட்டால், ‘காக்கைத் தொல்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு பறவைகளின் அன்றாட வேலை என்பது புரியும். இரண்டைச் சமாளிப்பது கூட்டத்தைச் சமாளிப்பதைவிட எளிது.

இரண்டாவது: கல்லைக் கையில் எடுக்காதீர்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனை செய்தார்கள். குகைமனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியோடு யார் நடந்தாலும் காக்கைகள் பின்தொடர்ந்து கத்தின. வேறு முகமூடி போட்டவர்களைச் சட்டை செய்யவில்லை. வருஷங்கள் போகப்போகக் கத்தும் காக்கைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது. பிடிபடாத காக்கைகளும், அப்போது பிறக்கவே பிறக்காத குஞ்சுகளும் அந்த முகத்தை எதிரி முகமாகக் கற்றுக்கொண்டிருந்தன.

நம் ஊர் அண்டங்காக்கை அதன் தூரத்து உறவு. நீங்கள் ஒரு கல்லை எறிந்தால் அந்தக் கல் அன்றோடு மறந்துபோகாது. உங்கள் முகம்தான் அதற்கு ஞாபகம் இருக்கும், உங்கள் வீட்டு வாசல் ஞாபகம் இருக்கும், ஜோடிக்கும் சொல்லிக்கொடுத்துவிடும். விஷம் வைக்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. செத்த காக்கையைத் தின்னும் நாயும் பூனையும் கழுகும் சேர்ந்து சாகும். சட்டமும் மாறியிருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்த்து ஊர்க்காக்கையைத் தீங்குயிராக, அதாவது கொன்றாலும் குற்றமில்லாத உயிராக, வைத்திருந்த ஐந்தாம் அட்டவணை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

சரி, விரட்டவே கூடாதா? விரட்டலாம். கையைத் தட்டி, ஒரே சொல்லைச் சொல்லி, வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி விரட்டுங்கள். ஒருவர் விரட்டி இன்னொருவர் பிஸ்கட் போட்டால், யார் எப்போது தனியாக இருப்பார் என்று பார்த்து அது வரும். அதைவிட முக்கியம், விரட்டுகிற நிலைமையே வராதபடி அதற்குக் கிடைப்பதை நிறுத்துவது. அதற்கான வேலைகள் இனி.

பால், குப்பை, சோப்பு

காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட்டைப் பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவார்கள். மூடுபனி விலகுவதற்குள் அண்டங்காக்கை வந்துவிடும். முதலில் கேட்டின் மேல் உட்கார்ந்து வீட்டுக் கதவைப் பார்க்கும். பிறகு பையின் காதைக் கால்விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அலகால் பையைக் கொஞ்சம் மேலே இழுக்கும். இழுத்த பகுதியைக் காலால் மிதித்துக்கொள்ளும். மறுபடி இழுக்கும், மறுபடி மிதிக்கும். நாலைந்து இழுப்பில் பாக்கெட் மேலே வந்துவிடும். நடுவில் கொத்தாது. மூலையில்தான் கொத்தும், பால் மெல்லிய தாரையாக வரும். பாதி பால் போன பாக்கெட்டை நீங்கள் எடுக்கும்போது, எதிர்மரத்தில் அலகைக் கிளையில் இப்படியும் அப்படியுமாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் தெருவில் பல வருஷமாகக் குடியிருக்கும் அக்கா ஒருவர், புதிதாக வந்த பெண்ணிடம் சொன்னார்: “ஏம்மா, பால் பைய கேட்டுல மாட்டாத. காக்கா உனக்கு முன்னாடி எந்திரிச்சிரும்.” அவர் வீட்டு வாசலில் மூடி போட்ட ஒரு தூக்குவாளி இருக்கும். பால்காரரிடம் சொல்லிவைத்தால் அதில் போட்டு மூடிவிட்டுப் போவார். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பையை முடிச்சுப் போட்டுவைப்பதால் பயனில்லை. முடிச்சையும் அது அவிழ்த்துவிடும்.

குப்பை விஷயத்தில் மலைக்கென்று தனி நியாயம் உண்டு. இங்கே குப்பையைக் கிளறுவது காக்கையோடு நிற்பதில்லை. காக்கை கிழித்துப் பரப்பினால் நாய் வரும், குரங்கு வரும், ராத்திரி காட்டுப்பன்றியும் கரடியும் வரும். எனவே முந்தின நாள் ராத்திரியே குப்பையை வெளியே வைக்காதீர்கள். வண்டி வரும் சத்தம் கேட்ட பிறகு கொண்டுபோய்க் கொடுங்கள். மக்கும் குப்பையைத் தனியாக, மூடியுள்ள வாளியில் வையுங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் கோழி எலும்பையும் வீட்டுக்குப் பின்னால் சரிவில் கொட்டுகிற பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. அதை நிறுத்தினாலே பாதித் தொல்லை தீரும்.

அப்புறம் சோப்பு. துணி துவைக்கிற கல்லில் வைத்த சோப்பு காணாமல் போனால் பக்கத்து வீட்டாரைச் சந்தேகப்படாதீர்கள். சோப்பில் உள்ள கொழுப்புக்காகக் காக்கை அதைத் தூக்கும். ஜப்பானில் நம் அண்டங்காக்கையின் நெருங்கிய உறவான பெரிய அலகுக் காக்கை, கியோட்டோ நகரக் கோயில் ஒன்றில் எரிகிற மெழுகுவர்த்தியையே எடுத்துக்கொண்டு போய்ச் சருகுக்குள் ஒளித்துவைத்து, அதனால் சின்னச்சின்னத் தீவிபத்துகள் ஏற்பட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் வாசல் விளக்குத் திரியிலும் எண்ணெய் இருக்கிறது. வெயில் காலத்தில் சருகு காய்ந்து கிடக்கும் மலைச்சரிவில் வீடு என்றால், விளக்கைத் திறந்த வாசலில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள்.

தண்ணீர்த் தொட்டியை ஒரு தடவை ஏறிப் பாருங்கள்

இது பலருக்குத் தோன்றாத விஷயம். காக்கை கிடைத்ததையெல்லாம் உடனே தின்பதில்லை. மிச்சத்தை ஒளித்துவைக்கும். ஓட்டின் இடுக்கு, கூரைத் தகரத்தின் மடிப்பு, மழைநீர் வடியும் குழாய், பூந்தொட்டி மண் எல்லாம் அதற்குக் கிடங்கு. ஒளித்த இடத்தின்மேல் ஓர் இலையோ கல்லோ வைத்து மூடும். ஒளிக்கும்போது இன்னொரு காக்கை பார்த்துவிட்டால், எடுத்துக்கொண்டு வேறிடம் போகும். எங்கெங்கே வைத்தோம் என்பதை மறக்காமல் திரும்பி வந்து எடுக்கும் அந்த ஞாபகசக்தி எனக்கு இன்றும் வியப்புதான்.

காய்ந்த தீனியை நனைத்துத் தின்பதும் அதற்குப் பழக்கம். ஊட்டி வர்க்கி ஒன்றைத் தூக்கிய காக்கையைக் கவனியுங்கள். வர்க்கி மொறுமொறுப்பானது, கொத்தினால் அடுக்கடுக்காக உதிர்ந்து வீணாகும். அது கொத்தாது. நேராகக் குழாயடித் தொட்டிக்கு எடுத்துப்போய், ஒரு முனையை மட்டும் தண்ணீரில் அமுக்கி, கொஞ்சம் பொறுத்து, வெளியே எடுத்துப் பார்க்கும். இன்னும் கெட்டியாக இருந்தால் மறுபடி அமுக்கும். ஊறிய பக்கத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மறுமுனையைத் திருப்பிப் பிடித்து நனைக்கும். நாம் டீயில் தோய்க்கிற அதே நிதானம்.

பார்க்க அழகுதான். ஆனால் அது நனைக்கிற தண்ணீர் உங்கள் மேல்தொட்டித் தண்ணீராக இருக்கக் கூடாது. குடிவந்த முதல் வாரமே ஏணி போட்டு ஏறி, தொட்டி மூடி சரியாகப் பொருந்துகிறதா, காற்றில் பறந்துபோயிருக்கிறதா என்று பாருங்கள். மூடி இல்லாத தொட்டியில் எலும்பும் இறைச்சித் துண்டும் கிடப்பது அபூர்வமல்ல. மூடியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கூரைத் தாழ்வாரத்தையும் மழை தொடங்கும் முன் சுத்தம் செய்யுங்கள். காக்கை ஒளித்துவைத்தவை அடைத்துக்கொண்டால் முதல் மழையிலேயே வீட்டுக்குள் ஒழுகும்.

காக்கைக்கென்று ஓர் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். தினம் மாற்றுங்கள். தனக்கென்று ஒரு சட்டி இருந்தால் அது உங்கள் வாளியைத் தேடி வருவது குறையும்.

சோறு வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் ஒரு பிடிதான்.

அமாவாசைக்கும் திதிக்கும் காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் நாம் சாப்பிடுவோம். தினமும் வைக்கிற வீடுகளும் உண்டு. அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, விடத் தேவையும் இல்லை. ஆனால் மலையில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அண்டங்காக்கை சின்னப் பறவைகளின் கூட்டைத் தேடி முட்டையையும் குஞ்சையும் தின்னும். நீலகிரிச் சிரிப்பான் இந்த மலைக்கே சொந்தமான பறவை, உலகில் வேறெங்கும் கிடையாது. சோலைக்காட்டு ஓரத்திலும் வீட்டு வேலிப் புதரிலும் கிண்ணம்போலக் கூடு கட்டும். நாம் கொட்டும் சோற்றிலும் குப்பையிலும் காக்கை பெருகப் பெருக, அந்தக் கூடுகள் காலியாகும். தட்டு நிறைய மிச்சத்தைக் கொட்டுவது காக்கைக்குச் செய்யும் புண்ணியமாகத் தோன்றலாம். பக்கத்துப் புதரில் அடைகாக்கும் பறவைக்கு அது கேடு.

வைப்பதென்றால் இப்படி வையுங்கள். சமையலறைக்கும் ஜன்னலுக்கும் தள்ளி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள், கல்லோ மதிலோ எதுவும் சரி. தினம் ஒரே நேரம். உப்பு, எண்ணெய், மசாலா இல்லாத வெறும் சோறு. கையிலிருந்து ஊட்டிப் பழக்காதீர்கள். அப்படிப் பழகிய காக்கை, நீங்கள் ஊருக்குப் போன நாட்களில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையிலிருந்து பன்னைப் பிடுங்கும். வைத்த சோறு கால்மணி நேரத்தில் தீரவில்லை என்றால் அளவு அதிகம் என்று அர்த்தம், மறுநாள் குறைத்துவிடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் சில நாட்கள் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். திடீரென்று நிறுத்தினால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக் கேட்கும்.

சோறு வைக்கிற நேரம்தான் அதன் புத்தியைப் பார்க்க நல்ல நேரம். தெருநாய் வந்து சோற்றை மறித்துக்கொண்டால், ஒரு காக்கை நாயின் பின்னால் போய் வாலைக் கொத்தி இழுக்கும். நாய் திரும்பிக் குரைக்கிற அந்த நொடியில் இன்னொன்று முன்னாலிருந்து கவளத்தைத் தூக்கிவிடும். 2016-ல் வெளியான ஓர் ஆய்வு, காக்கைக் குடும்பப் பறவைகளின் மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காட்டியது. அதே எடையுள்ள குரங்கு மூளையில் இருப்பதைவிட அங்கே அதிகம். நாயின் வாலைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது.

வற்றல், தோட்டம்

வெயில் கிடைக்கிற நாள் இங்கே குறைவு, அதனால் வடகமும் மிளகாயும் காயப்போட்டால் அவற்றைக் காப்பது அவசியம். பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பது பழைய வழி. சில நாள் வேலை செய்யும். அசையாத குடை ஒன்றும் செய்யாது என்று தெரிந்த பிறகு அதன்மேலேயே உட்காரும். பளபளக்கும் தட்டு, பொம்மை எல்லாவற்றுக்கும் இதே கதிதான். தினம் இடத்தை மாற்றினால் பலன் கொஞ்சம் நீளும். மெல்லிய கொசுவலைத் துணியை ஒரு சாண் உயரத்தில் இழுத்துக் கட்டுவதுதான் நிலையான வழி.

பட்டாணி, பீன்ஸ் விதைத்தால் முளை வரும்வரை மேலே வலை போடுங்கள். மற்றபடி தோட்டத்தில் காக்கை நமக்கு உதவிதான். உருளைக்கிழங்குப் பாத்தியைக் கொத்தும்போது பின்னாலேயே நடந்துவந்து மண்ணில் புரளும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கும். அந்த நேரத்தில் விரட்டாதீர்கள்.

கூடு கட்டும் மாதங்கள்

ஆண்டின் முதல் பாதியில் காக்கையின் குணம் மாறும். காரின் பக்கவாட்டுக் கண்ணாடியையும் பளபளக்கும் ஜன்னலையும் விடாமல் கொத்தினால் அது குறும்பு அல்ல. கண்ணாடிக்குள் தெரிவது தன் எல்லைக்குள் நுழைந்த வேறு காக்கை என்று நினைத்துச் சண்டை போடுகிறது. கார்க் கண்ணாடிக்குப் பழைய துணிப்பையை மாட்டிவிடுங்கள். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் சோப்புத் தண்ணீரைப் பூசினால் பிம்பம் தெரியாது. உள்பக்கம் திரை போடுவதால் பிரதிபலிப்பு போகாது.

கொடியில் கம்பி ஹேங்கர் காணாமல் போவதும் இந்தக் காலத்தில்தான். டோக்கியோவில் காக்கைகள் ஹேங்கர்களை வைத்தே கூடு கட்டுகின்றன. பிளாஸ்டிக் அல்லது மர ஹேங்கருக்கு மாறுங்கள், அறுந்த மின்கம்பித் துண்டுகளை வெளியே போட்டுவைக்காதீர்கள்.

குஞ்சு இருக்கும் மரத்தடியில் போனால் தலையில் தட்டும். எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். மலையில் எல்லோர் கையிலும் குடை இருக்கிறது, விரித்துக்கொண்டு நடங்கள். குடை இல்லையென்றால் அடிக்கடி திரும்பிப் பாருங்கள், பார்க்கிற முகத்தின்மேல் பாயத் தயங்கும். குழந்தைகளை அந்தச் சில வாரங்கள் வேறு வழியாகப் பள்ளிக்கு அனுப்புங்கள். கூட்டைக் கலைக்க வேண்டாம். கலைத்தால் பக்கத்து மரத்தில் மறுபடி கட்டும், நீங்கள் மறுபடி முதலிலிருந்து படவேண்டும்.

மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் குஞ்சைக் கண்டால் தூக்காதீர்கள். வாயின் உள்பக்கம் சிவந்திருக்கும், இறகு மங்கலாக இருக்கும். பறக்கப் பழகும் குஞ்சு அது, தாயும் தகப்பனும் மேலேதான் இருக்கும். பூனையோ நாயோ வரும் இடமென்றால் பக்கத்திலுள்ள தாழ்ந்த கிளையில் ஏற்றிவிட்டு உடனே விலகிவிடுங்கள்.

கூச்சலைக் கவனியுங்கள்

காக்கைகள் ஒரே இடத்தில் கூடி விடாமல் கத்தினால் என்ன என்று எட்டிப் பார்க்கத் தோன்றும். தோட்டத்து மரமென்றால் ஆந்தையாகவோ பூனையாகவோ இருக்கும், பார்க்கலாம். ஆனால் விடியற்காலையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலோ காட்டு ஓரத்திலோ அந்தக் கூச்சல் கேட்டால் தனியாகப் போகாதீர்கள். சிறுத்தை அடித்துப் போட்ட இரையை முதலில் கண்டுபிடிப்பது அண்டங்காக்கைதான். புலியும் சிறுத்தையும் இருக்கும் இடத்தை வேட்டைக்காரர்கள் அந்தக் காலத்தில் அதன் குரலை வைத்தே தேடினார்கள். இரை அங்கே கிடந்தால் அதன் சொந்தக்காரரும் பக்கத்தில் இருக்க வாய்ப்பு உண்டு. தூரத்தில் நின்று அக்கம்பக்கத்தாரிடமும் வனத்துறையிடமும் சொல்லுங்கள்.

செத்த காக்கை கிடந்தால்

வெறும் கையால் தொடாதீர்கள். 2020 டிசம்பர் கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரில் காக்கைகள் கூட்டமாகச் செத்தபோது பறவைக் காய்ச்சல்தான் காரணம் என்று தெரியவந்தது. ஒன்றுக்கு மேல் செத்துக் கிடந்தால் கால்நடை பராமரிப்புத் துறைக்குத் தகவல் கொடுங்கள், எடுப்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஒற்றைக் காக்கை மின்கம்பியில் அடிபட்டு விழுந்தது தெளிவாகத் தெரிந்தால், கையுறை போட்டுக்கொண்டு அப்புறப்படுத்தலாம். அதற்கு முன் மேலே பாருங்கள். மற்றக் காக்கைகள் கூடியிருக்கும். முகமூடிச் சோதனை நடந்த அதே பல்கலைக்கழகத்தில் பின்னர் செய்த ஆய்வில், செத்த காக்கையைக் கையில் வைத்திருந்தவரைக் காக்கைகள் வாரக்கணக்கில் நினைவில் வைத்துக் கத்தியது தெரியவந்தது. அதனால் அவை கலையும்வரை பொறுங்கள். பிறகு சாக்கு ஒன்றை மேலே போட்டு மூடி, அப்படியே சுருட்டி எடுங்கள். நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கழுவிய சோப்பை உள்ளே எடுத்துவைத்துவிடுங்கள்.